ஏயர்கோன் சினமும் இறைவன் சினமும்: பெரியபுராணம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் வடமேற்குக் கரையில் பாலாவி என்னும் பெயர் ஈரிடங்களில் வழங்குகின்றது. ஒன்று மன்னார் மாவட்டத்து மாதோட்டத்தில் திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள தீர்த்தம். சுந்தரர் தம் கேதீச்சரப் பதிகத்தில் இறைவன் அதன் கரையில் உறைவதாகப் பாடியமையால் அது தமிழிலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. மற்றொன்று புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியில் உள்ள ஊர். உப்பளங்களும் சீமெந்துத் தொழிற்சாலையும் அதன் அடையாளங்கள். இவ்வூரை எந்த நாயனாரும் பாடவில்லை. ஆயினும் இக்கட்டுரைக்குப் பொருளாகும் வினாவை யான் முதலிற் கேட்டது இப்பாடப்படாத பாலாவியிலேயே.

பாத்தியில் உப்பு விளைந்து வாருவதற்கு ஆயத்தமாயிருக்கும் நாட்களிற் பருவந்தவறி மழை பெய்யுமாயின் பல கிழமை உழைப்பு ஓரிரவிற் கரைந்துபோம். அவ்வேளைகளில் முஸ்லிம்கள் அல்லாஹ்வின் கோபம் என்பர்; கத்தோலிக்கர் ஆண்டவருக்கு மனவருத்தம் உண்டாக்கிவிட்டோம் என்பர்; சைவர் அம்மனுக்கு நேர்ந்ததைச் செய்யாத குறை என்பர். மூன்று சமயத்தாரும் தம்முள் வேறுபட்ட இறைக்கொள்கையுடையராயினும் மழைக்குக் கூறும் காரணம் ஒன்றாகவே இருக்கும். யாரோ கடவுளைப் புண்படுத்திவிட்டார், கடவுள் சினந்துவிட்டார். அந்த 'யாரோ' பெரும்பாலும் பேசுபவராய் இருப்பதில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வரம்பிலாற்றல் உடைய ஒருவன் புண்படுதல் கூடுமா? கூடும் எனின் அவனைப் புண்படுத்தும் ஆற்றல் பிறரிடம் இருக்கின்றது. அவன் நிறைவுடையவன் அல்லன். கூடாது எனின் தொழுகையும் கண்ணீரும் அவனைத் தீண்டா. அவன் கல்லுக்கு ஒப்பாவான். இவ்விருதலைச் சிக்கலைத் தத்துவ நூலார் பலவாறு ஆராய்ந்துள்ளனர். இலக்கியம் இதனை எவ்வாறு கையாண்டது என்பதே எம் நோக்கம். தமிழில் இவ்வினாவைக் கதையாக நடத்திக் காட்டிய நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணம் என்பதும், அந்நூலிலும் சிறப்பாக ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணமே என்பதும் எம் கருத்து.

வள்ளுவர் கடவுள் வாழ்த்திலேயே இறைவனை விருப்பும் வெறுப்பும் இல்லாதவனாகக் கூறிவிட்டார். எண்குணம் என்னும் தொடருக்குச் சைவாகமவழி உரைகண்ட பரிமேலழகர் தன்வயத்தனாதலை முதலாகவும் வரம்பிலின்பமுடைமையை ஈறாகவும் வைத்து எண்ணினார். தன்வயத்தனாகிய ஒருவனைப் பிறர் செயல் ஆட்டிவைத்தல் இயலாது. வரம்பற்ற இன்பமுடையான் பிறர் சொல்லால் அவ்வின்பத்தில் ஓரணுவும் இழத்தல் இயலாது. எனவே கோட்பாட்டளவில் விடை முடிந்தது. ஆனால் அதே பட்டியலிற் பேரருளுடைமையும் இருக்கின்றது. அருள் என்பது பிறிதோர் உயிரின் துன்பத்துக்கு ஏதோ ஒருவகையில் இடங்கொடுத்தலன்றோ? பரிமேலழகர் பட்டியலை நிறுத்திய இடத்திலேதான் புலவன் தொடங்க வேண்டியிருக்கின்றது.

சுந்தரர் வரலாறு அவமதிப்பிலேயே தொடங்குகின்றது. புத்தூரிலே, திருமணப் பந்தரில், கிழவேதியராய் வந்து அடிமையோலை காட்டிய இறைவனை அவர் பித்தன் என்று ஏசுகின்றார். ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். ஏசப்பட்டவன் செய்தது யாது? அவ்வேச்சுச் சொல்லையே முதலாகக்கொண்டு பாடுக என்றான். வன்றொண்டர் என்ற பெயரும் அவ்வன்சொல்லின் பரிசாகவே கிடைக்கின்றது. அதன் பின்னர் சுந்தரர் வாழ்நாள் முழுவதும் இறைவனை இடித்துரைப்பதும் பொன் கேட்பதும் நெல் கேட்பதும் ஊடுவதுமாகவே செல்கின்றது. கண்ணிழந்த நிலையில் திருவாரூரிற் பாடிய பதிகமொன்றில், உம் அடியார் துன்பப்பட நீர் மட்டும் நன்றாய் வாழ்ந்துபோம் என்னும் கருத்துப்படப் பாட்டுத்தோறும் முடிக்கின்றார். இவை எதற்கும் இறைவன் சினந்ததாகச் சேக்கிழார் ஓரிடத்தும் கூறவில்லை.

அப்படியாயின் கண் ஏன் போயிற்று? மேடைகளிற் புராணம் சொல்வோர் பலர் இதனை இறைவனை ஏமாற்ற முயன்றதற்குத் தண்டனை என்று கூறிச் செல்வர். சங்கிலியாரிடம் பிரியேன் என்று சபதஞ் செய்யுங்கால் கோயிலை விட்டு நீங்கி மகிழமரத்தடியில் இருக்குமாறு சுந்தரர் இறைவனைக் கேட்டார். இறைவனோ சங்கிலியாரிடம் சென்று, மகிழின் கீழே சபதம் வாங்குமாறு சொல்லிவைத்தான். இச்சூழ்ச்சிதான் இறைவனைப் புண்படுத்திற்று என்பது அவர்தம் விளக்கம். கதையின் ஓட்டம் இதற்கு இடந்தரவில்லை. சூழ்ச்சி நடந்தபோது கண் மறையவில்லை. அது நகைச்சுவையாகவே நடக்கின்றது. இளவேனிலில் ஆரூர் நினைவு வந்து, சங்கிலியாரைப் பிரிந்து, திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோதே கண் மறைகின்றது. எல்லையைச் சேக்கிழார் வீணே குறிப்பிட்டவர் அல்லர். எண்ணத்தளவில் இருந்த குற்றம் ஒரு பெண்ணைக் கைவிடுதலாக நிறைவேறும் இடம் அவ்வெல்லை. தன்னை ஏசியதற்கும் தன்னை இடம்பெயரச் சொன்னதற்கும் அசையாத இறைவன், தன்னை நம்பிய மற்றொருத்திக்குக் கொடுத்த சொல் பொய்த்தபோது அசைகின்றான்.

இதுவரையிலும் கூறியன சுந்தரர் கதையைக் கூர்ந்து படிக்கும் எவர்க்கும் தோன்றக்கூடியனவே. நோக்கற்பாலது வேறொன்று. சங்கிலியார் திருமணமும் கண்ணிழத்தலும் கண் பெறுதலும் பரவையார் ஊடலும் ஆகிய இத்துணையும் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வைக்கவில்லை. நானூற்றுக்கு மேற்பட்ட பாடல்களையுடைய ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தின் உள்ளே வைத்தார். பெயருக்குரிய நாயனாரோ அப்புராணத்திற் சிறு பகுதியே பெறுகின்றார். இது நூலமைப்பில் நேர்ந்த இடர்ப்பாடு எனக் கருதுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கலிக்காமர் யார்? கடவுளுக்காகப் புண்பட்டவர். சுந்தரரின் இறுதிக்கால வரலாறு முழுவதையும் இவர் பெயரால் தலைப்பிட்டமையே சேக்கிழாரின் திறனாய்வு.

கதை இது. சங்கிலியார் செய்தியறிந்து ஊடிய பரவையாரிடம் சுந்தரர் இறைவனைத் தூது செல்ல வேண்டுகின்றார். இறைவன் இரவில் இருமுறை ஆரூர் வீதியில் நடக்கின்றான். முதன்முறை அருச்சகர் வடிவிற் சென்று பரவையார் மறுக்க வறிதே மீள்கின்றான். இச்செய்தி திருப்பெருமங்கலத்துக் கலிக்காமர் செவிக்கு எட்டுகின்றது. ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது விடுவானும் ஒரு தொண்டனோ என்று அவர் கொதிக்கின்றார். அவனை நேரிற் காணின் என்ன நேருமோ என்கின்றார். அவமதிக்கப்பட்டவன் எனக் கருதப்படுபவனோ மகிழ்ந்தே சென்றான். சினம் கொண்டவர் வேறொருவர்.

பின்னர் நிகழ்வது மேலும் கருதத்தக்கது. இறைவன் சூலைநோயைச் சுந்தரருக்கு ஏவவில்லை. தனக்காகப் பரிந்து சினந்த கலிக்காமருக்கே ஏவுகின்றான். அது தீரும் வழி சுந்தரர் ஒருவரே என்றும் கனவில் அறிவிக்கின்றான். அவன் தீர்க்க வாழ்வதினும் நோயே மேல் என்று கலிக்காமர் மறுக்கின்றார். சுந்தரர் வரும் செய்தி கேட்டு உடைவாளால் வயிற்றைக் கிழித்து உயிர் நீக்கிறார். அவர் மனைவியார் துயரை மறைத்து விருந்தினரை வரவேற்கின்றார். கிடந்த உடலைக் கண்ட சுந்தரர் தாமும் இறப்பேன் என்று அவ்வாளையே எடுக்க, உயிர் மீண்ட கலிக்காமர் கையைப் பிடித்துத் தடுக்கின்றார். இருவரும் தழுவிக்கொள்கின்றனர். கொலைக்கு முனைந்த கை உயிர்காக்கும் கையாக மாறிய இவ்விடத்தை அடையாமல் இறைவன் இருவரையும் விடவில்லை.

சூலைநோயும் தண்டனைதானே, ஆகவே இறைவன் கலிக்காமரிடம் சினந்தான் ஆகானோ என வினவலாம். சமணத்திலிருந்த நாவுக்கரசரை மீட்டதும் அதே சூலை என்பதை மறத்தலாகாது. சேக்கிழாரிடம் சூலை பழிதீர்க்கும் கருவி அன்று. பிரிந்தாரை ஒரே வாயிலுக்கு இழுத்துவரும் கயிறு. விறன்மிண்டர் கதையிலும் இதுவே. அடியாரை வணங்காது சென்றதற்குச் சுந்தரரையும், அவரை ஆண்ட இறைவனையும் சேர்த்துப் புறகு என்று தள்ளிவிட்டார் அவர். தள்ளப்பட்டதற்கு இறைவன் வருந்தினானில்லை. அதிலிருந்து திருத்தொண்டத்தொகை பிறந்தது.

இவ்விளக்கத்துக்கு எதிரான சான்றும் உண்டு; அதனை மறைத்தல் ஆய்வாகாது. தக்கன் வேள்வி அவற்றுள் முதன்மையானது. அவிப்பாகம் மறுக்கப்பட்டமைக்காக வேள்வி அழிகின்றது. உடனிருந்த தேவரும் உறுப்பிழக்கின்றனர். கந்தபுராணம் இதற்கு ஒரு காண்டமே வகுத்தது. மணிவாசகர் திருவுந்தியாரில் இதனை மகளிர் விளையாட்டுப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார். கந்தபுராணப் படிப்பு வேரூன்றிய ஈழத்துச் சைவர்க்கு இது புறக்கணிக்கத்தக்க கதையன்று. உமை பொருட்டு எழுந்த சினம் என்று ஒருவாறு அமைதி கூறலாம். ஆயினும் அவ்வமைதி எமக்கே முழுநிறைவு தரவில்லை. தமிழ்ச் சைவத்தில் இரண்டு குரல்கள் உள என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

சித்தாந்த சாத்திரங்கள் இவ்விரண்டையும் இணைக்க முயன்றன. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், தாய் தந்தையர் பிள்ளையை அடிப்பதும் அன்பே என்னும் உவமையால் இறைவனின் ஒறுத்தலை விளக்கினார். மறக்கருணை என்னும் சொல் அவ்வழியில் வந்தது. உமாபதி சிவமோ ஒருபடி மேலே சென்று, உயிரை மறைத்து நின்று வினைகளை நுகர்விக்கும் திரோதான சத்தியின் முன்னைச் சினமே பின்னர்க் கருணையாக மாறுமென்று சிவப்பிரகாசத்திற் கூறினார். நுண்ணிய கருத்து. சினமும் அருளும் இரு பண்புகள் அல்ல. ஒரே ஆற்றலை உயிர் தன் பக்குவத்துக்கு ஏற்ப இருவிதமாய் உணர்கின்றது. அருணந்தியார் உவமையைவிட இதுவே வலியது. ஏனெனில் பிள்ளையை அடிக்கும் தந்தை பெரும்பாலும் உண்மையிலேயே சினந்துதான் அடிக்கின்றான். அன்பு என்னும் விளக்கம் அடித்த பின்னர் வருவது. வேறு வழியறியாமையும் அவனை அடிக்கத் தூண்டும். எல்லாம் வல்லவனுக்கு அறியாமையைச் சாட்டுதல் இயலாது.

இஸ்லாமிய மரபில் இவ்வாராய்ச்சி மிக விரிவானது. மனிதர் அனைவரும் தீயோராயினும் இறைவனின் ஆட்சியில் எதுவும் குறையாது. அவனுக்குத் தீங்கிழைக்கும் நிலையை எவரும் எட்டமாட்டார் என்னும் கருத்துடைய ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் உளது. அதேவேளை திருக்குர்ஆன் 33ஆம் அத்தியாயத்து 57ஆம் வசனம் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நோவிப்போரைப் பற்றிப் பேசுகின்றது. இவ்விரண்டையும் பொருத்துவதற்கு அஷ்அரிய அறிஞர் இறைவனின் கோபம் என்பது ஒறுக்கும் நாட்டமே என்றும், உள்ளக் கொதிப்பன்று என்றும் பொருள் உரைத்தனர். இமாம் கஸ்ஸாலி (1058–1111) கோபத்தைவிட இரக்கத்தையே கடினமான சிக்கலாகக் கண்டார். மனிதனின் இரக்கத்தில் ஒரு நோவு உண்டு. அந்நோவைத் தணிக்கவே அவன் பிறர்க்கு உதவுகின்றான். ஆகவே அவன் உதவி ஓரளவு தன்னலம். நோவின்றி, பிறன் தேவைக்காகவே உதவும் இறைவனது இரக்கமே முழுமையானது என்பது அவர் முடிபு. பாலாவிப் பள்ளிவாசலில் எழும் ஒவ்வோர் துஆவின் பின்னும் இந்நுட்பம் நிற்கின்றது எனலாம். துஆ கேட்பவர் கஸ்ஸாலியைப் படித்திருக்க வேண்டியதில்லை. அருட்பொருளுடைய இரு பெயர்களால் தொடங்கும் பெயர்ப்பட்டியலிற் சினமுடையோன் என்றொரு பெயர் இடம்பெறாமையும் கவனிக்கத்தக்கது.

கிறித்தவரிடையே நான்காம் நூற்றாண்டு லக்தாந்தியுஸ் கடவுளின் சினம் பற்றித் தனிநூலே எழுதி, சினவாதவன் அன்பு செய்யவும் மாட்டான் என வாதிட்டார். தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இறைச்சினம் உருவக வழக்கே என்றார். 1972இல் வெளிவந்த யூர்கன் மோல்ட்மனின் நூல், சிலுவையிற் கடவுளே துன்புறுகிறார் என்று பழைய கொள்கையைத் தலைகீழாக்கிற்று. கற்பிட்டிக் குடாநாட்டுத் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகரிடம் இவ்வாதம் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் தாயின் தாயிடம் முறையிடுகின்றனர், முறையீடு கேட்கப்படுகின்றது என்று நம்புகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலோ இவ்வாதம் கண்டனப் போராகவே நடந்தது. மிஷனரிமார் சைவக் கிரியைகளையும் புராணங்களையும் இழித்துரைக்க, ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டு அத்தகைய கிரியைகளைப் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். இரு சாராரும் வாதத்தில் வல்லுநர். ஆனால் அப்போரில் இரு தரப்பிலும் புண்பட்டோர் மனிதரே என்பதை இன்று படிப்போர் எளிதில் உணர்வர்.

புத்தளம் மாவட்டத்திலேயே இதற்கு வேறொரு முகமும் உண்டு. முன்னேச்சரத்துப் பத்திரகாளி கோயில் சாபமிடுதலுக்குப் பெயர்பெற்றது. கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வுக்குரிய மூன்று வழிபாட்டிடங்களுள் அதுவும் ஒன்று. திருட்டுக் கொடுத்தோர், வஞ்சிக்கப்பட்டோர், வழக்காடப் பணமில்லாதோர் அங்குச் செல்கின்றனர். அவர்கள் வேண்டுவது காளி தனக்காகச் சினத்தலை அன்று, தங்களுக்காகச் சினத்தலை. மட்டக்களப்புக் கண்ணகை வழிபாட்டின் குளுத்திச் சடங்கும் அநீதியால் மூண்ட வெப்பத்தைத் தணிப்பதே. நாட்டார் சமயம் தத்துவ நூலாரைப்போல் வகுத்துச் சொல்லாவிடினும், தெய்வச் சினத்தின் இடம் எது என்பதைத் தவறாமல் அறிந்திருக்கின்றது. 2011 செப்டெம்பரில் அக்கோயில் ஆண்டு விழாவுக்கெனக் கொணரப்பட்ட பலிவிலங்குகளை அன்றைய அமைச்சர் ஒருவர் நேரிற் சென்று அகற்றினார். விடயம் நீதிமன்றுக்கும் சென்றது. பலியில்லாவிடின் அம்மன் சினப்பாள் என்றனர் ஒரு சாரார். பலியிடுதல் சமய அறத்தைப் புண்படுத்தும் என்றனர் மறுசாரார். இரு சாராரும் தெய்வத்தின் சார்பிலே பேசினர். சுந்தரரும் கலிக்காமரும் வாளை நடுவே வைத்து நின்றது போன்றதொரு காட்சி. தடுத்துப் பிடிக்கும் கைதான் இல்லை.

கலிக்காமர்கள் இக்கரையிற் குறைந்தபாடில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிற் குண்டு வெடிக்கச் செய்தோர் கடவுளின் பொருட்டே அதனைச் செய்வதாக எண்ணினர். மே மாதம் சிலாபத்தில் முகநூற் பதிவொன்றை அடுத்து மூண்ட வன்முறையிற் புத்தளம் மாவட்டத்துப் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பாலாவியிலும் அயலிலும் தஞ்சம் புகுந்து வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் மீண்டும் அஞ்சி இரவைக் கழித்தன. இவற்றை ஓர் இலக்கியக் கட்டுரையிற் கூறுதல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். கலிக்காமரின் சினத்தை பக்தியின் உச்சம் என்று மட்டும் விளக்கி, இறைவன் நோய் ஏவியது அவர்மீதே என்பதைச் சொல்லாது விடும் பாடநூல் விளக்கங்களை ஆண்டாண்டாய்க் கற்பித்து வருவதினும் இது பொருத்தமற்றதன்று. சேக்கிழார் கலிக்காமரை நாயனாராகவே போற்றினார், ஐயமில்லை. அவர் அன்பு மெய்யானது. ஆனால் அவ்வன்பு எடுத்த வாளை இறைவன் ஏற்கவில்லை என்பதையும் அவரே எழுதினார்.

இனி சுந்தரர் வாக்கையே நோக்குவோம். புராணம் நான்கு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. அதன் விளக்கம் சேக்கிழாருடையதே, சுந்தரருடையது அன்று எனலாம். திருமுல்லைவாயிற் பதிகம் இவ்வையத்தை அகற்றுகின்றது. அங்கே அவர் இறைவனைச் சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்டவன் என்று விளிக்கின்றார். விளிக்கும் சொல் கொடியவன் என்பது அன்று, பண்புடையவன் என்பது. தண்டனை பெற்றவனே தண்டித்தவனின் பண்பைச் சான்று பகர்கின்றான். என்னைப் பொறுக்கமாட்டாமல் என்று அவர் பாடவில்லை. உன்னை ஏசியமைக்காக என்றும் பாடவில்லை. வேறொருத்தியின் பொருட்டு. எண்குணத்திற் பேரருளுக்கும் தன்வயத்தனாதலுக்கும் இடையே பரிமேலழகர் விட்டுச்சென்ற இடைவெளியை இவ்வொரு விளி நிரப்புகின்றது. தன்பொருட்டு அசையாதவனே பிறர்பொருட்டு அசைய வல்லவன்.

ஆயினும் சேக்கிழார்மீது எமக்கு ஒரு குறை உண்டு. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் மீண்டன. பரவையார் ஊடல் தீர்ந்தது. கலிக்காமர் உயிர் பெற்றார். சேரமானுடன் தெற்கே சென்ற சுந்தரர் இராமேச்சரத்தில் நின்றே கடலுக்கு அப்பால் கேதீச்சரத்தையும் பாலாவிக் கரையையும் மீண்ட கண்ணோடு நோக்கிப் பாடினார் என்பது புராண வரிசை. திருவொற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரிடம் அவர் மீண்டு சென்றதாக மட்டும் ஒரு காட்சியும் இல்லை. எவள்பொருட்டு இறைவன் கண்ணைக் கொண்டானோ அவள் இறுதியில் கயிலையிற் சேடியாகத் திரும்புகின்றாள் என்பதுடன் கதை அமைகின்றது. அவள் என்ன நினைத்தாள் என்று எவரும் கேட்டிலர்.